நுரை அடங்கிய பிறகு

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்கு ஆக்ஸிலரி என்ற துணை ரசாயனங்களைத் தயாரித்துக் கொடுக்கும் கம்பெனி எதுவானாலும், ஒரு காலத்தில் அதன் குடோனில் அதிக இடம் பிடித்திருந்தவை என்.பி. 9.5 பேரல்கள்தான். வெட்டிங் ஆயிலா, சோப் ஆயிலா, சிலிகான் சாஃப்ட்னருக்கு எமல்சிஃபையரா, எது செய்வதென்றாலும் கை முதலில் அந்தப் பேரலுக்குத்தான் போகும். நிறமில்லாத, சற்றே கனத்த திரவம். விலை குறைவு. மார்கழிக் குளிரிலும் உறையாது. காரத்துக்கும் அமிலத்துக்கும் அசையாது. போர்வெல்லின் உப்புத் தண்ணீரிலும் வேலை செய்யும். இத்தனை நல்ல குணங்களும் ஒரே சரக்கில் சேர்ந்து கிடைப்பது எங்கள் தொழிலில் அபூர்வம்.

நான் லேப் கெமிஸ்டாகச் சேர்ந்த கம்பெனியில் சீனியர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் வேலையே வந்த பேரலைச் சோதிப்பதுதான். ஒரு சதவீதக் கரைசல் செய்து, அதில் தெர்மாமீட்டரைப் போட்டு மெதுவாகச் சூடாக்க வேண்டும். 50 டிகிரியைத் தாண்டிச் சில டிகிரி போனதும், அதுவரை தெளிந்திருந்த தண்ணீர் சட்டென்று வெளுத்துக் கலங்கும். ஆறவிட்டால் மறுபடி தெளியும். இதற்குக் கிளவுட் பாயின்ட் என்று பெயர். வழக்கமான வெப்பநிலைக்கு முன்னாலோ பின்னாலோ கலங்கினால் சரக்கில் ஏதோ கோளாறு என்று பேரலைத் திருப்பி அனுப்பிவிடுவோம்.

அடுத்தது முங்கும் சோதனை. நிட்டிங்கிலிருந்து வந்த கிரே துணியைச் சதுரமாக வெட்டி வெறும் தண்ணீரில் போட்டால் நாள் முழுக்க மிதக்கும். பருத்தியின் மெழுகும் ஊசி எண்ணெயும் தண்ணீரை உள்ளே விடாது. லிட்டருக்கு ஒரு கிராம் வெட்டிங் ஆயில் கலந்த பீக்கரில் அதே துணியைப் போட்டு ஸ்டாப்வாட்சை அழுத்துவோம். முதலில் ஓரம் கறுக்கும். பிறகு துணிக்குள்ளிருந்து பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழ் கிளம்பும். ஒரு மூலை சாயும். கடைசியில் முழுத்துணியும் அடியில் போய் உட்காரும். டையிங் மாஸ்டர்கள் சரக்கு வாங்குவது இந்த விநாடிக் கணக்கைப் பார்த்துத்தான். என்.பி. போட்ட ஆயிலை அந்தக் கணக்கில் முந்துவது சுலபமல்ல.

கலவையில் கூடவே ஆசிட் ஸ்லரியும் போகும். காஸ்டிக்கில் நடுநிலையாக்கிய ஸ்லரியைச் சேர்த்தால் கிளவுட் பாயின்ட் ஏறும். பெராக்சைடு பிளீச்சிங் கொதிநிலையை ஒட்டி நடப்பதால் அது அவசியம். இந்த ஸ்லரிக்கு ஒரு முன்கதை உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த சலவைத் தூள்களில் இதன் மூத்த வடிவம் இருந்தது. அதன் கார்பன் சங்கிலி கிளைகிளையாகப் பிரிந்தது. பாக்டீரியாக்கள் நேரான சங்கிலியை நுனியிலிருந்து இரண்டிரண்டு கார்பனாக வெட்டித் தின்றுவிடும். கிளை வந்த இடத்தில் திணறி நின்றுவிடும். 1950-களில் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளில் நுரை மலையாக எழுந்ததற்கு அதுவே காரணம். ஜெர்மனி 1961-இல் சட்டம் போட்டது. அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் 1965-இல் தாங்களாகவே நேர்ச் சங்கிலிக்கு மாறினார்கள். இன்று நம் பேரலில் வரும் ஸ்லரி அந்த நேர்ச் சங்கிலி வகை. கிளை ஆகாது என்ற பாடத்தை ஸ்லரி விஷயத்தில் கற்றுக்கொண்ட தொழில், பக்கத்துப் பேரலுக்கு அதைப் பொருத்திப் பார்க்கவில்லை. இதை இன்றும் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

பக்கத்துப் பேரலில் இருப்பது நோனைல்ஃபீனால் எதாக்ஸிலேட். ஒரு ஃபீனால் வளையம். அதன் ஒரு பக்கம் ஒன்பது கார்பன் கொண்ட எண்ணெய்ச் சங்கிலி. மறுபக்கம் எதிலீன் ஆக்சைடு அலகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த தண்ணீர்ச் சங்கிலி. 9.5 என்பது அந்த அலகுகளின் சராசரி எண்ணிக்கை. ஒன்பது கார்பன் சங்கிலி, புரோப்பிலீன் மூன்றைச் சேர்த்துச் செய்வது. ஆகவே அது நேராக இருக்காது. வளையத்தோடு ஒட்டும் இடத்திலேயே பெரும்பாலும் கிளைத்துவிடும். பாக்டீரியா வந்து பல் பதிக்க அங்கே இடமே இல்லை.

தண்ணீர்ச் சங்கிலியில் அப்படித் தடை எதுவும் கிடையாது. கழிவுநீர் ஏரேஷன் டேங்கில் விழுந்ததும் பாக்டீரியாக்கள் அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்குகின்றன. நுனியிலிருந்து கணுக்கணுவாகக் கடித்துக்கொண்டே வந்து, அடிக்கட்டை வந்ததும் தூக்கிப் போட்ட கரும்பு மாதிரி ஆகிவிடும் அது. ஒன்பது எட்டாகும், எட்டு ஏழாகும், இப்படியே குறைந்து இரண்டு, ஒன்று வரை வரும். காற்று நன்றாகக் கிடைத்தால் மிஞ்சிய துண்டின் முனை ஆக்சிஜனேற்றம் பெற்றுக் கார்பாக்சிலிக் அமிலமாகித் தண்ணீரோடு போய்விடும். காற்றில்லாத இடத்தில் அந்தக் கடைசிக் கணுவும் கழன்று வெறும் நோனைல்ஃபீனால் மிஞ்சும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் மிஞ்சுவது கொஞ்சமல்ல. நோனைல்ஃபீனாலின் மூலக்கூறு எடை 220. ஒன்பது அலகு சேர்ந்த சரக்கின் எடை 616. தண்ணீர்ச் சங்கிலி முழுதும் போனாலும் போட்ட எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அப்படியே நிற்கும். 500 கிலோ துணி ஏறும் ஒரு சாஃப்ட் ஃப்ளோ மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு எட்டு லிட்டர் என்று 4,000 லிட்டர் பாத். லிட்டருக்கு ஒரு கிராம் என்றால் நான்கு கிலோ வெட்டிங் ஆயில். அதில் 30 சதவீதம் என்.பி. என்று வைத்தால் 1,200 கிராம். ஒரே ஒரு பிளீச்சிங் பேட்ச்சிலிருந்து 400 கிராமுக்கு மேல் நோனைல்ஃபீனால் உருவாக வழி இருக்கிறது. ஊரில் ஒரு ராத்திரியில் எத்தனை மெஷின் ஓடியது என்பதைத் திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நொய்யல் ஆற்றின் கதை எல்லோருக்கும் தெரிந்தது. அதன் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கென்று கட்டப்பட்டுச் சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பூஜ்யக் கழிவு முறை முழுதாக வந்த பிறகுதான் பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. வழக்கில், போராட்டத்தில், பேச்சில் எல்லாம் இருந்தது நிறமும் உப்பும்தான். அதில் நியாயம் இருக்கிறது. விவசாயியின் கிணற்றைக் கெடுத்தது உப்பு. கண்ணுக்குத் தெரிந்தது நிறம். என்.பி., ஸ்லரி போன்ற சர்ஃபாக்டன்ட்களைப் பற்றிப் பேசியவர்கள் நுரையைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

பட்டறைகள் மூடிக்கிடந்த காலத்தில் ஆக்ஸிலரி வியாபாரமும் படுத்துவிட்டது. நான் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் லேபுக்கு மாறினேன். அதுவரை பாத்தில் போடுவதை மட்டும் பார்த்தவனுக்கு அது வெளியே வந்து என்னவாகிறது என்று பார்க்கிற வேலை கிடைத்தது. ஏரேஷன் டேங்கில் நுரை ஏறினால் ஆபரேட்டர் டிஃபோமரைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். சிலிகான் டிஃபோமர் அளவு மீறினால் பின்னால் இருக்கும் ஆர்.ஓ. மெம்பிரேன் அடைத்துக்கொள்ளும். சர்ஃபாக்டன்டே மிச்சமாகப் போனாலும் மெம்பிரேனில் ஒட்டி ஓட்டத்தைக் குறைக்கும். ஆகவே சர்ஃபாக்டன்ட் எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று பார்ப்பது எங்கள் அன்றாட வேலையானது.

அதற்கு ஒரு அழகான சோதனை உண்டு. கோபால்ட் நைட்ரேட்டையும் அம்மோனியம் தயோசயனேட்டையும் கரைத்தால் சிவந்த கரைசல் வரும். பிரிபுனலில் கழிவுநீர் மாதிரியோடு அதையும், கொஞ்சம் மெத்திலீன் குளோரைடையும் ஊற்றிக் குலுக்கி, மூடியைத் திறந்து ஆவியை விட்டு, ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். மெத்திலீன் குளோரைடு கனமானது, கீழே இறங்கும். எதாக்ஸிலேட் இருந்தால் கோபால்ட்டைப் பிடித்துக்கொண்டு அதுவும் கீழே வரும். அடி அடுக்கு நீலமாகும். நீலம் எவ்வளவு ஆழமோ சரக்கு அவ்வளவு. இன்லெட் தண்ணீரில் பளீரென்று நீலம். ஏரேஷன் முடிந்த தண்ணீரில் அடி அடுக்கு நிறமே இல்லாமல் நிற்கும்.

“பாத்தீங்களா சார், சுத்தமாப் போயிருச்சுங்க. நுரையும் இல்லீங்க, நீலமும் இல்லீங்க” என்பார் ஷிப்ட் ஆபரேட்டர். அவர் சொன்னது பார்வைக்குச் சரி. ஆனால் கோபால்ட்டைப் பிடிப்பது அந்த எதிலீன் ஆக்சைடு சங்கிலி. சில அலகுகளாவது தொடர்ந்து இருந்தால்தான் பிடி கிடைக்கும். ஒன்று, இரண்டு அலகோடு நிற்கும் துண்டும், வெறும் நோனைல்ஃபீனாலும் அந்தச் சோதனையில் தெரியவே தெரியாது. ஐரோப்பாவில் நெடுங்காலம் பயன்பட்ட பிஸ்மத் சோதனைக்கும் இதே குறைதான். 90 சதவீதம் மட்கியது என்று அங்கே சான்றிதழ் கொடுத்தபோது, அளந்தது சங்கிலி அறுந்ததை மட்டும்தான். நுரைக்கும் அதே நிலை. எண்ணெய்ப் பக்கமும் தண்ணீர்ப் பக்கமும் சேர்ந்திருந்தால்தான் நுரை வரும். மட்குதலின் முதல் படியிலேயே நுரை போய்விடும். மீதிப் படிகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கின்றன, அல்லது நடக்காமலே நிற்கின்றன.

இதை முதலில் பிடித்தவர்கள் சுவிட்சர்லாந்துக்காரர்கள். வால்டர் கீகர், அவருடன் பணியாற்றிய புரூனர், ஷாஃப்னர் மூவரும் 1984-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். காற்றில்லாமல் செரிக்கவைத்த சாக்கடைச் சேற்றை அவர்கள் அலசினார்கள். உலர்ந்த சேறு ஒரு கிலோவில் ஏறத்தாழ ஒரு கிராம் அளவுக்கு நோனைல்ஃபீனால் இருந்தது. காற்றோட்டத்தில் இருந்த சேற்றில் அது மிகக் குறைவு. அந்தக் கட்டுரையின் சாரத்தை நான் படித்தது சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்த பிறகு. படித்ததும் எனக்கு உறைத்தது, சேற்றைக் கெட்டியாக்கும் எங்கள் திக்னர் தொட்டிதான். நோனைல்ஃபீனால் தண்ணீரில் அதிகம் கரையாது. லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான். கொழுப்பிலும் சேற்றிலும் ஒட்டும். அவுட்லெட் தண்ணீரில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

நோனைல்ஃபீனால் ஏன் ஆகாது என்பது வேறொரு ஆய்வகத்தில், வேறெதையோ தேடும்போது தெரியவந்தது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆனா சோட்டோவும் கார்லோஸ் சோனன்ஷைனும் மார்பகப் புற்றுச் செல்களை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். ஈஸ்ட்ரோஜன் ஊற்றினால்தான் பெருகும் செல்கள், ஊற்றாமலே பெருகத் தொடங்கின. தேடிப் பார்த்தால், பயன்படுத்திய பிளாஸ்டிக் குழாய்களிலிருந்து கசிந்த நோனைல்ஃபீனால் அதற்குக் காரணம். 1991-இல் அதை வெளியிட்டார்கள். பெண் ஹார்மோனான எஸ்ட்ராடையாலிலும் ஒரு ஃபீனால் வளையம் உண்டு. செல்லில் அந்த ஹார்மோன் அமரும் இடத்தில் நோனைல்ஃபீனால் போய் அமர்ந்துகொள்கிறது. பலம் பல ஆயிரம் மடங்கு குறைவுதான். ஆனால் ஆற்றில் வருவது பேரல் பேரலாக.

இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ஏர் என்ற ஆறு ஓடுகிறது. கம்பளி மில்கள் நிறைந்த பகுதி அது. கம்பளியின் மெழுகைக் கழுவ அங்கும் இதே சரக்குதான். 1990-களில் ஜான் சம்ப்டர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஆண் டிரவுட் மீன்களைக் கூண்டில் வைத்து அந்த ஆற்றில் இறக்கினார்கள். முட்டை போடும் பெண் மீன் மட்டுமே பெருமளவில் உண்டாக்கும் மஞ்சள்கருப் புரதம் அந்த ஆண் மீன்களின் ரத்தத்தில் ஏறியிருந்தது. மேற்கே ஒரு மில் ஊரில் நடந்ததைப் படிக்கும்போது எனக்கு நம் ஊர்ப் பெயர்களே மனதில் ஓடின. வேலை ஒன்று, சரக்கு ஒன்று, ஆறு மட்டும் வேறு.

ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் போட்ட உத்தரவின்படி, 2005-லிருந்து துணிப் பதப்படுத்தலுக்கு விற்கும் சரக்கில் நோனைல்ஃபீனால் எதாக்ஸிலேட் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதில் ஒரு விதிவிலக்கு என் கவனத்தை ஈர்த்தது. ஆட்டுத்தோலின் கொழுப்பு நீக்கும் வேலைக்குப் பயன்படுத்தலாம்; ஆனால் கழிவுநீர் உயிரிச் சுத்திகரிப்புக்குப் போகும் முன்பே அதிலுள்ள கரிமப் பொருளை முழுதாக எடுத்துவிட வேண்டும். முன்பே என்ற அந்தச் சொல்லை யோசித்து வைத்திருக்கிறார்கள். பாக்டீரியாவிடம் கொடுத்தால் குறைந்த நஞ்சு கூடின நஞ்சாகும் என்று தெரிந்தவர்கள் எழுதிய விதி அது. குட்டைச் சங்கிலித் துண்டுகள் மீன்களுக்கு மூலச் சரக்கைவிடக் கொடியவை.

ஆனால் அந்த உத்தரவு ஐரோப்பாவில் துணி பதப்படுத்துபவர்களைத்தான் கட்டியது. இறக்குமதியாகும் சட்டைக்குத் தடை இல்லை. ஆகவே அவர்களுடைய ஆறு தப்பித்தது, பேரல் நம்மிடமே இருந்தது. 2011-இல் கிரீன்பீஸ் அமைப்பு பல நாட்டுக் கடைகளில் பெரிய பிராண்டுகளின் 78 உடைகளை வாங்கிச் சோதித்து, 52-இல் இந்தச் சரக்கின் மிச்சம் இருப்பதாக வெளியிட்டது. சட்டையைத் துவைக்கும்போது அது அவர்களுடைய சாக்கடைக்கே திரும்பி வருகிறது என்று புரிந்த பிறகுதான் பிராண்டுகள் அசைந்தன. 2021 பிப்ரவரியிலிருந்து, தண்ணீரில் துவைக்கக்கூடிய புதுத் துணியில் இந்தச் சரக்கு கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஐரோப்பாவில் விற்க முடியாது.

அதற்குள் திருப்பூரில் பேரல்களின் மேல் ‘ஏபிஇஓ ஃப்ரீ’, அதாவது ஆல்கைல்ஃபீனால் எதாக்ஸிலேட் இல்லாதது என்ற ஸ்டிக்கர் வந்துவிட்டது. மாற்றுச் சரக்கு லாரில் ஆல்கஹால் எதாக்ஸிலேட். வளையம் கிடையாது, சங்கிலி நேர். பாக்டீரியா அதை நடுவில் வெட்டி எண்ணெய்த் துண்டையும் தண்ணீர்த் துண்டையும் தனித்தனியாகத் தின்று கரியமில வாயுவும் தண்ணீருமாக்கிவிடும். தொழிலுக்கு அது தந்த தொல்லைகளும் உண்மை. விலை கூட. டிசம்பர் காலையில் பேரலுக்குள் கட்டியாகி நிற்கும். வெயிலில் உருட்டிவைத்தோ வெந்நீர் ஊற்றியோ இளக்க வேண்டும். முங்கும் நேரம் முதலில் நீண்டது. மாஸ்டர்கள் முணுமுணுத்தார்கள். கலவையை மாற்றி மாற்றிப் பார்த்து, குட்டைச் சங்கிலி ஆல்கஹால் வகைகளைச் சேர்த்து, ஆக்ஸிலரி கம்பெனிகள் அதைச் சரிக்கட்டின. அந்த உழைப்பைச் செய்த லேப் பையன்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

அப்புறமும் ரிப்போர்ட்டில் இந்தச் சரக்கு வந்துகொண்டே இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரு டை ஹவுஸில் வெட்டிங் ஆயில், சோப் ஆயில் எல்லாம் மாற்றியாகிவிட்டது. பையரின் லேப் சட்டையை மெத்தனாலில் சூடாக்கி இறக்கிப் பார்த்துவிட்டு, அளவு மீறியது என்று எழுதிவிட்டது. முதலாளி என்னைக் கூப்பிட்டார். “தம்பி, எங்கிருந்துதான் வருது இது?” என்றார். கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு நின்றுகொண்டிருந்தது. துணியை ஒவ்வொரு கட்டத்திலும் வெட்டி எடுத்துத் தனித்தனிக் கவரில் போட்டு அனுப்பினோம். டையிங் முடிந்த துணி சுத்தம். சாஃப்ட்னர் முடிந்த துணி சுத்தம். பிரிண்ட் விழுந்த இடத்தை மட்டும் வெட்டி அனுப்பியதில் பிடிபட்டது. பிக்மென்ட் பிரிண்டிங்குக்குப் போடும் பைண்டர் ஒரு அக்ரிலிக் பால்மம். அந்தப் பால்மத்தைச் செய்யும்போதே எமல்சிஃபையராக என்.பி. போயிருந்தது. பைண்டர் கொடுத்தவர் தந்திருந்த கடிதத்தில் ‘நாங்கள் சேர்க்கவில்லை’ என்று இருந்தது. அவர் சேர்க்கவில்லைதான்; அவருக்கு மூலச் சரக்கு கொடுத்தவர் சேர்த்திருந்தார். நிட்டிங் ஊசி எண்ணெய், பழைய பேரலைக் கழுவி மறுபடி நிரப்புவது, விலை குறைந்த சிலிகான் எமல்ஷன் என்று இன்னும் பல வாசல்கள் இதற்கு உண்டு. வெறும் கடிதத்தை நம்பக் கூடாது, பேட்ச்சுக்கு ரிப்போர்ட் கேட்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

சுத்திகரிப்பு நிலையத்தில் நான் மிகவும் அக்கறை காட்டுவது சேற்றின் மேல். தண்ணீர் ஆர்.ஓ. தாண்டி மறுபடி பாத்துக்குப் போகிறது. உப்பு எவாப்பரேட்டரில் திரும்பக் கிடைக்கிறது. சேறு? திக்னரில் அதிக நேரம் நிறுத்திவிட்டால் அழுகிய முட்டை நாற்றம் எழும். அந்த நாற்றம் வந்தால் உள்ளே காற்று தீர்ந்துவிட்டது என்று பொருள். கடைசிக் கணு கழலுவதற்குத் தோதான இடம் அதுதான். அதனால் சேற்றைத் தேங்கவிடாமல் ஃபில்டர் பிரஸ்ஸுக்கு எடுத்து, காயவைத்து, சிமென்ட் ஆலைச் சூளைக்கு அனுப்பிவிடுவதையே நான் வற்புறுத்துவேன். அந்தச் சூட்டில் ஃபீனால் வளையம் தாக்குப்பிடிக்காது. மண்ணில் கொட்டிவிட்டால் கதை வேறு. காற்றோட்டமான மண்ணில் ஸ்ஃபிங்கோமோனாஸ் இனத்துச் சில பாக்டீரியாக்கள் கிளைச் சங்கிலியை விட்டுவிட்டு வளையத்தையே நேராகத் தாக்கி உடைக்கின்றன. அவை இருந்தால் மெல்லத் தீரும். நீருக்கடியில், காற்றில்லாத வண்டலில் அந்த உதவி இல்லை. கனடாவின் ஜார்ஜியா நீரிணையில் சாக்கடைக் குழாய் கடலில் விழும் இடத்து வண்டலை ஆராய்ந்தவர்கள், இந்தச் சரக்கு பாதியாகக் குறையவே 60 ஆண்டுக்கு மேல் ஆகும் என்று 1999-இல் மதிப்பிட்டார்கள்.

ஐரோப்பா 2005-லிருந்து சலவைப் பொருள்களுக்குக் கேட்பது வேறு சான்று. சங்கிலி அறுந்ததா என்று பார்ப்பதோடு விடுவதில்லை. 28 நாளில் 60 சதவீதமாவது கரியமில வாயுவரை போயிருக்க வேண்டும். நல்ல முன்னேற்றம். ஆனால் அந்தச் சோதனையும் காற்றுள்ள தண்ணீரில்தான். நாம் கைவிடாமல் போட்டுவரும் ஆசிட் ஸ்லரி அதில் நன்றாகத் தேறும். காற்றில்லாத சேற்றில் அது அசையாமல் கிடக்கும். ஆகவே புதிய ஆக்ஸிலரியோடு யார் வந்தாலும் நான் இரண்டு விவரம் எழுத்தில் கேட்கிறேன்: காற்றோடு உடைந்தால் கடைசியில் மிஞ்சுவது என்ன, காற்றில்லாமல் உடைந்தால் மிஞ்சுவது என்ன. பலர் ‘பயோ டிகிரேடபிள்’ என்று அச்சடித்த டேட்டா ஷீட்டை நீட்டுகிறார்கள். ஒருசிலர் ஊருக்குப் போய் மூலச் சரக்குக் கம்பெனியில் விசாரித்து, இரண்டு பதிலையும் எழுதி அனுப்புகிறார்கள். எங்கள் நிலையத்தில் சேர்ந்திருக்கும் டை ஹவுஸ்களுக்கு அவர்களிடம் வாங்கச் சொல்லித்தான் எழுதுகிறேன்.